எடை வைத்த பேனர் சுழற்சி கணக்குத் தப்பும்போது: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

ஒரே இடத்தில் பல விளம்பர பேனர்களை மாற்றி மாற்றிக் காட்டும் சுழற்சியில் வரும் பிழை பக்கத்தை உடைப்பதில்லை. பேனர் வந்துகொண்டுதான் இருக்கும், படம் தெரியும், அழுத்தினால் உரிய இடத்துக்குப் போகும். யாருக்கு எத்தனை தடவை வரவேண்டும் என்ற பங்கு மட்டும் பிசகியிருக்கும். அதனாலேயே இந்த வகைப் பிழைகள் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன. காசு கொடுத்தவர் வந்து கேட்கும்போதுதான் தெரியவருகிறது.

இலங்கை மலையகத்தில் ஊர்ச் செய்தித் தளமோ, வாடகை வாகனத் தளமோ நடத்துகிறவர்கள் பலர் விளம்பரத்தை நேரடியாகவே பிடிக்கிறார்கள். நுவரெலியாவில் ஒரு தங்குவிடுதி, ஹட்டனில் ஒரு புடவைக்கடை, தலவாக்கலையில் ஒரு டியூசன் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் பக்கத்தின் மேலே ஒரே ஒரு இடம். கொடுத்த காசுக்கு ஏற்ப விடுதிக்கு எடை 5, புடவைக்கடைக்கு 3, டியூசனுக்கு 2. மொத்தம் 10. ஆகவே 50:30:20 என்ற விகிதத்தில் வரவேண்டும். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இந்த மூன்று பேனர்கள்தான் உதாரணம்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு பிழையும் 50:30:20 என்ற விகிதத்தைத் தனக்கே உரிய விதத்தில் கெடுக்கிறது. 60:30:10 என்று வந்தால் ஒரு காரணம், 40:34:26 என்று வந்தால் வேறொரு காரணம். நிரலைத் திறந்து வரிவரியாகத் தேடுவதற்கு முன் எண்களைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் இரண்டு எண்ணிக்கைகளைப் பிரியுங்கள்

தேர்வு என்பது வேறு, காட்சி என்பது வேறு. நிரல் எந்த பேனரைத் தேர்ந்தெடுத்தது என்பது முதல் எண்ணிக்கை. வாசகரின் திரையில் எது உண்மையில் தெரிந்தது என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே எண்ணாகப் பதிந்து வைத்திருந்தால் எந்தப் பிழையையும் பிடிக்க முடியாது.

தேர்வு செய்யும் பகுதியை மட்டும் தனியே எடுத்து, பக்கமே இல்லாமல் 10,000 தடவை ஓட்டிப் பாருங்கள். எந்தக் கணினியிலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அங்கே ஏறத்தாழ 5,000, 3,000, 2,000 என்று வந்தால் கணக்கில் பிழை இல்லை. கேஷ் (தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுப்பது), படம், விளம்பரத் தடுப்பான் போன்ற வெளிக் காரணங்களைத்தான் தேட வேண்டும். அங்கேயே பிசகினால் கணக்கில்தான் பிழை.

ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான வடிவம் இது:

மொத்தம் = எல்லா எடைகளின் கூட்டுத்தொகை
புள்ளி = ரேண்டம் × மொத்தம்
ஒவ்வொரு பேனருக்கும் வரிசையாக:
— புள்ளி = புள்ளி − பேனரின் எடை
— புள்ளி < 0 என்றால் (0-க்குக் கீழே போனால்) இந்த பேனரைக் காட்டி நிறுத்து

ரேண்டம் என்பது ஒவ்வொரு தடவையும் தற்செயலாக, 0 முதல் 1 வரை, 1 சேராமல் வரும் தசம எண். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் மேத்.ரேண்டம் அப்படித்தான் தருகிறது. பத்து இருபது விளம்பரங்களுக்கு இதைவிடச் சிக்கலான எதுவும் தேவையில்லை. பைதான் 3.6 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு என்றால் எடைகளை வாங்கித் தேர்ந்தெடுத்துத் தரும் வசதி மொழியிலேயே இருக்கிறது, கையால் எழுதவே வேண்டாம்.

அறிகுறி: "என்னோட விளம்பரமே வரமாட்டேங்குதே தம்பி"

டியூசன் ஆசிரியர் தன் போனில் பக்கத்தை ஐந்து தடவை புதுப்பித்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். பெரும்பாலும் இது பிழையே அல்ல. 20 சதவீதப் பங்குள்ள பேனர் ஐந்து தடவையிலும் வராமல் போகும் வாய்ப்பு 0.8-ஐ ஐந்து தடவை பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 33 சதவீதம். இப்படிப் பார்க்கும் மூவரில் ஒருவருக்கு இந்த அனுபவம் கிடைக்கும். பத்துத் தடவை பார்த்தாலும் பத்தில் ஒருவருக்கு வராது. அதே நேரம், அடுத்தடுத்து ஒரே பேனர் இரண்டு தடவை வரும் வாய்ப்பு நம் உதாரணத்தில் 38 சதவீதம். பார்ப்பவருக்கு அது "ஒரே விடுதிதான் வந்துகொண்டிருக்கிறது" என்று தோன்றும்.

எவ்வளவு விலகல் இயல்பு என்பதற்கு ஒரு அளவு வேண்டும். 100 காட்சிகளில் டியூசனுக்கு 20 வரவேண்டிய இடத்தில் 12 முதல் 28 வரை எதுவும் சாதாரணம். 10,000 காட்சிகளில் 2,000-க்குப் பதிலாக 1,920 முதல் 2,080 வரை சாதாரணம். காட்சிகள் கூடக்கூடச் சதவீத விலகல் சுருங்கும். சுருங்காமல் அதே அளவில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னும் உறுதியாகப் பார்க்க, ஒவ்வொரு பேனருக்கும் வந்ததற்கும் வரவேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, வரவேண்டிய எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். புள்ளியியலில் கை-வர்க்கச் சோதனை (chi-square) என்பது இதுதான். 1,000 தடவையில் 530, 290, 180 வந்தது என்றால் 1.8 + 0.33 + 2 = 4.13. மூன்று பேனர்களுக்கு 5.99-ஐத் தாண்டினால்தான் நிரலைத் திறக்க வேண்டும். இரண்டு பேனர் என்றால் 3.84, நான்கு என்றால் 7.81. தற்செயலாக இந்த எல்லைகளைத் தாண்டுவது நூற்றில் ஐந்து தடவைதான்.

ஆசிரியருக்கு இந்த வாய்ப்பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. "சேர், உங்கள் போனில் வந்ததை வைத்துச் சொல்ல முடியாது, இந்த மாதம் மொத்தம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தருகிறேன்" என்று சொல்லி, காட்சி எண்ணிக்கையைக் காட்டுங்கள். காட்ட ஓர் எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: 60:30:10, அல்லது பதினோரு தடவைக்கு ஒரு தடவை வெற்றிடம்

முதல் பேனர் கூடி, கடைசி பேனர் குறைந்து, நடுவில் உள்ளது அப்படியே நிற்கிறதா? எல்லைக் குறியில் பிழை. 0 முதல் 9 வரை முழு எண் எடுத்து, கூடிவரும் எடைகளான 5, 8, 10 ஆகியவற்றோடு வரிசையாக, "சிறியது" என்று ஒப்பிட வேண்டிய இடத்தில் "சிறியது அல்லது சமம்" என்று ஒப்பிட்டால் விடுதிக்கு 0 முதல் 5 வரை ஆறு எண்கள் போய்விடும். புடவைக்கடைக்கு 6, 7, 8. டியூசனுக்கு 9 மட்டும். காசு கொடுத்ததில் பாதிதான் அவருக்குக் கிடைக்கிறது.

இதே பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு. எடை 0 போட்டு நிறுத்தி வைத்த பழைய விளம்பரம் பட்டியலில் முதலாவதாக இருந்தால், எண் 0 வரும்போதெல்லாம் அது எழுந்து வரும். "நிறுத்திவிட்டேனே, எப்படி வருகிறது" என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சேர்வரில் ஓடும் பிஎச்பி மொழியின் ரேண்டம் எண் கட்டளைகள் கொடுத்த இரண்டு எல்லைகளையும் சேர்த்தே எண் தரும். 0 முதல் 10 வரை என்று கேட்டால் பதினோரு எண்கள். ஒப்பீடு சரியாக இருந்தும் 10 என்ற எண்ணுக்கு எந்த பேனரும் இல்லை. 0 முதல் 9 வரை என்றோ, 1 முதல் 10 வரை எடுத்து "சிறியது அல்லது சமம்" என்றோ எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

பேனர்களை எடைக்கேற்ப ஒரு பட்டியலில் ஐந்து, மூன்று, இரண்டு என்று பிரதியெடுத்து வைத்து, அதிலிருந்து ஒன்றை எடுக்கும் முறையும் பலர் கையாள்வது. முறை சரியானதே. பட்டியல் எண்ணைக் கணக்கிடும்போது கீழ்நோக்கி வெட்டாமல், கிட்டிய முழு எண்ணுக்குத் திருத்தும் கட்டளையைப் போட்டால் இரு முனைகளிலும் உள்ள இடங்களுக்குப் பாதி வாய்ப்புத்தான் கிடைக்கும். ரேண்டத்தை 9-ஆல் பெருக்கியிருந்தால் 50:33:17 என்று வரும். 10-ஆல் பெருக்கியிருந்தால் 45:30:20 வந்து, மீதி 5 சதவீதம் வெற்றிடமாகும்.

அறிகுறி: கடைசி பேனர்தான் பத்தில் ஒன்பது தடவை

எடைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்திருக்கின்றன. நிர்வாகப் பக்கத்துப் படிவத்திலிருந்து வரும் எதுவும் எழுத்துத்தான். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத்தோடு கூட்டல் போட்டால் ஒட்டிக்கொள்ளும். 0 உடன் "5" சேர்ந்து "05", அப்புறம் "053", அப்புறம் "0532". ஒப்பிடும்போது இவை 5, 53, 532 ஆகின்றன. விடுதிக்கு ஒரு சதவீதம்கூட இல்லை, புடவைக்கடைக்கு 9, டியூசனுக்கு 90. எடைகளை உள்ளே எடுக்கும்போதே எண்ணாக மாற்றுங்கள். பிஎச்பியில் கூட்டல் குறி இலக்க எழுத்துகளைத் தானே எண்ணாக்கிக்கொள்வதால் இந்தச் சிக்கல் வராது. அங்கே சரியாக ஓடியதை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றி எழுதும்போதுதான் இது முளைக்கிறது.

அறிகுறி: பெரியவர் இன்னும் பெரிதாகிறார், 66:26:9

ஒவ்வொரு பேனருக்கும் "ரேண்டம் × எடை" கணக்கிட்டு, பெரியதை எடுக்கும் வழக்கம் இதற்குக் காரணம். டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளையில் ஒரே வரியில் எழுதிவிடலாம் என்பதால் எங்கும் பரவியிருக்கிறது. பார்க்கச் சரிபோலத் தோன்றும், ஆனால் விகிதம் காக்காது. 3:1 எடையுள்ள இரண்டு பேனர்களுக்கு 75:25 வருவதற்குப் பதில் 83:17 வரும். நம் மூன்று பேனர்களுக்கு ஏறத்தாழ 66:26:9.

ஒரே வரியில்தான் வேண்டும் என்றால் "−லாக்(1 − ரேண்டம்) ÷ எடை" என்று கணக்கிட்டு (லாக் என்பது மடக்கை), சிறியதை எடுங்கள். இது விகிதத்தைச் சரியாகக் காக்கும். 1-இலிருந்து கழிப்பது எதற்கு என்றால், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ரேண்டம் 0 ஆகவும் வரலாம், 0-க்கு லாக் இல்லை. எடை 0 உள்ளவற்றை இந்த வரிக்கு முன்பே விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 0-ஆல் வகுக்க நேரும்.

அறிகுறி: வித்தியாசம் மங்குகிறது, 40:34:26

எனக்கு இந்த வகையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். இங்கே நிரலில் பிழையே இருக்காது. எல்லா வரியும் சரி. ஆனாலும் அதிகம் கொடுத்தவர் குறைவாகப் பெறுகிறார்.

காரணம், "முந்திய பக்கத்தில் வந்த பேனர் அடுத்த பக்கத்தில் வரக்கூடாது" என்ற விதி. நல்லெண்ணத்தில் சேர்ப்பதுதான். வாசகருக்குச் சலிப்புத் தட்டாது, விளம்பரக்காரருக்கும் அழகாகத் தெரியும். ஆனால் இந்த விதியால் அதிகம் இழப்பவர் அடிக்கடி வருகிறவர்தான், ஏனென்றால் தடைபடும் வாய்ப்பு அவருக்கே கூடுதல். நீண்ட ஓட்டத்தில் ஒவ்வொருவரின் பங்கும் "பங்கு × (1 − பங்கு)" என்ற அளவுக்கு ஏற்ப மாறும். 0.5 × 0.5 = 0.25, 0.3 × 0.7 = 0.21, 0.2 × 0.8 = 0.16. மொத்தம் 0.62. வகுத்துப் பார்த்தால் 40.3, 33.9, 25.8. விடுதிக்காரர் பாதிக்குக் காசு கொடுத்து ஐந்தில் இரண்டு பங்கு வாங்குகிறார்.

இரண்டே பேனர் இருக்கும் தளத்தில் நிலைமை இன்னும் மோசம். எடை 9:1 ஆக இருந்தாலும், ஒன்று மாறி ஒன்று என்றால் 50:50 தான். எடை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது.

வழி இரண்டு. விதியை எடுத்துவிடுவது முதல் வழி, எளிதும் அதுதான். சலிப்பு முக்கியம் என்றால் ரேண்டத்தைக் கைவிட்டு, பத்து இடங்கள் கொண்ட ஒரு வட்டத்தை எழுதி வையுங்கள்: விடுதி, புடவை, விடுதி, டியூசன், விடுதி, புடவை, விடுதி, புடவை, விடுதி, டியூசன். ஒரு சுற்றில் ஐந்து, மூன்று, இரண்டு என்று பிசகாமல் வரும். எந்த பேனரும் அடுத்தடுத்து வராது. யாருடைய பங்காவது பாதியைத் தாண்டினால் இப்படி ஒரு வட்டம் அமையாது, அங்கே மீள்வரவைத் தவிர்க்க முடியாது.

பேனர்கள் கூடினால் வட்டத்தைக் கையால் எழுதுவது சிரமம். என்ஜின்எக்ஸ் சேர்வர் தன் வேலைகளைப் பங்கிடப் பயன்படுத்தும் முறையை அப்படியே எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் எல்லாருடைய கணக்கிலும் அவரவர் எடையைச் சேருங்கள். அதிகம் சேர்ந்தவரைக் காட்டுங்கள். காட்டியவர் கணக்கிலிருந்து மொத்த எடையைக் கழியுங்கள். நம் எடைகளுக்கு விடுதி, புடவை, டியூசன், விடுதி, விடுதி, புடவை, விடுதி, டியூசன், புடவை, விடுதி என்று வரும். ஓரிடத்தில் விடுதி அடுத்தடுத்து வருவதையும், சுற்று முடிந்து தொடங்கும் இடத்திலும் அப்படியே ஆவதையும் கவனியுங்கள். சீராகப் பரப்புவதே இதன் வேலை, மீள்வரவை முற்றாக ஒழிப்பது அல்ல.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. வாசகர் ஒவ்வொருவருக்கும் வட்டத்தை முதல் இடத்திலிருந்தே தொடங்கினால் எல்லாருடைய முதல் பக்கத்திலும் விடுதிதான். பகிரப்பட்ட இணைப்பை அழுத்தி வந்து, ஒரு செய்தியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம் என்றால், டியூசன் வகுப்பை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். தொடங்கும் இடத்தை மட்டும் பத்து இடங்களில் ரேண்டமாகத் தேர்ந்தெடுங்கள். அப்போது முதல் பக்கமும் 50:30:20 ஆக அமையும், அதற்குப் பின்னான வரிசையும் சீராகும்.

ஒரே பக்கத்தில் இரண்டு இடங்கள் இருந்து, இரண்டிலும் ஒரே பேனர் வரக்கூடாது என்றாலும் இதே மங்கல் நடக்கும். முதலில் ஒன்றைத் தேர்ந்து, அதை விலக்கி, மொத்தத்தைப் புதிதாகக் கூட்டி, மீதியில் இரண்டாவதைத் தேர்வது சரியான முறை. பழைய மொத்தத்தையே வைத்துக்கொண்டால் இரண்டாவது இடம் அடிக்கடி வெறுமையாகும். ஆனால் சரியாகச் செய்தாலும் இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் 42:34:24 தான் வரும். மூன்று பேருக்கு இரண்டு இடம் என்றால் ஒருவர் எப்படியும் ஒரு இடத்துக்கு மேல் எடுக்க முடியாதே. விலை பேசும்போதே இந்த எண்களைச் சொல்லிவிடுவது நேர்மை.

அறிகுறி: எல்லாருக்கும் ஒரே பேனர், மணிக்கணக்கில்

10,000 தடவைச் சோதனையில் சரி, தளத்தில் மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் கேஷ். வேர்ட்பிரஸ் தளங்களில் பக்கத்தை ஒரு தடவை தயாரித்து எல்லாருக்கும் அதையே கொடுக்கும் சொருகிகள் (பிளகின்கள்) சாதாரணம். முதலில் வந்தவருக்கு விழுந்த பேனர், கேஷ் காலாவதியாகும்வரை மற்ற எல்லாருக்கும் போகும். தேர்வைச் சேர்வரில் வைக்காமல் வாசகரின் பிரவுசரில் வையுங்கள். அல்லது பேனரை மட்டும் தரும் ஒரு சிறிய முகவரியை உண்டாக்கி, அதன் பதிலைச் சேமிக்கவே வேண்டாம் என்று பதிலோடு போகும் ஹெடரில் சொல்லிவிடுங்கள். கேஷை முழுவதும் அணைப்பது தீர்வல்ல. மலைப்பாங்கான இடங்களில் இணைப்பு மெதுவாக வரும் வாசகருக்குக் கேஷ் பெரிய உதவி.

பிரவுசரில் தேர்ந்தால் பேனர் கொஞ்சம் பிந்தி வரும், படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே குதிக்கும். கணினிக்கு 728 × 90, போனுக்கு 320 × 50 என்று இடத்தை முன்பே ஒதுக்கி வைத்துவிட்டால் குதிக்காது.

கேஷ் இல்லாமலும் இது நடக்கிறதா? ஐபி முகவரியை வைத்து பேனரைத் தீர்மானிக்கும் நிரலா என்று பாருங்கள். போன் டேட்டாவில் வருகிறவர்கள் பலர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் நிற்பார்கள், ஆகவே ஊரே ஒரு பேனரைப் பார்க்கும். ரேண்டம் எண்களின் வரிசை எங்கே தொடங்கும் என்று தீர்மானிக்கும் விதை எண்ணையும் பாருங்கள். ரேண்டம் இயந்திரத்துக்கு நேரத்தின் விநாடியை விதையாகக் கொடுத்தால் ஒரே விநாடியில் வந்த எல்லாருக்கும் ஒரே பேனர். பிஎச்பி 4.2.0 பதிப்பிலிருந்து விதை கொடுக்கவே தேவையில்லை. பழைய நிரலில் அந்த வரி இருந்தால் அழித்துவிடுங்கள்.

அறிகுறி: சில நேரம் எதுவுமே வருவதில்லை

காலாவதியான விளம்பரங்களை எப்போது வடிகட்டுகிறீர்கள் என்று பாருங்கள். மொத்தத்தைக் கூட்டிய பிறகு வடிகட்டினால், நீங்கியவரின் எடை மொத்தத்தில் தங்கிவிடும். டியூசனின் தவணை முடிந்ததும் சரியாக 20 சதவீதம் வெற்றிடம் தெரியும். வெற்றிடத்தின் அளவு யாருடைய பங்கோடு பொருந்துகிறது என்று பார்த்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். முதலில் வடிகட்டு, பிறகு கூட்டு.

எடைகளைத் தசமத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சாத்தியம். 0.1-ஐப் பத்துத் தடவை கூட்டினால் கணினியில் 1 வராது, 0.9999999999999999 வரும். மொத்தம் 1 என்று எடுத்துக்கொண்ட நிரலில் அந்த மயிரிழை இடைவெளியில் புள்ளி விழுந்தால் பேனர் இல்லை. ஆனால் இது வாழ்நாளில் ஒரு தடவைகூட நடக்காமல் போகலாம். கண்ணுக்குத் தெரியும் அளவு வெற்றிடத்துக்கு இதைக் காரணம் சொல்லாதீர்கள். முழு எண் எடைகளைப் பயன்படுத்தினால் தீர்ந்தது.

"எதுவும் தேறாவிட்டால் கடைசி பேனரைக் காட்டு" என்று ஒரு பாதுகாப்பு வரி போடுவது நல்ல வழக்கம். கூடவே, அந்த வரி ஓடும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஒரு குறிப்பு விழட்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாப் பிழைகளையும் அது மூடி மறைத்து, கடைசி பேனருக்குத் தானம் செய்துகொண்டிருக்கும்.

சிலருக்கு மட்டும் எப்போதும் வெற்றிடம் என்றால் விளம்பரத் தடுப்பான். படம் இருக்கும் கோப்புறையின் பெயரிலோ, பக்க அமைப்பின் பெயர்களிலோ விளம்பரம், பேனர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் ஈசிலிஸ்ட் போன்ற வடிகட்டிப் பட்டியல்கள் மறைத்துவிடும். பெயரை மாற்றித் தப்பிக்கலாம்தான். ஆனால் தடுப்பானைப் போட்டவர் பார்க்க வேண்டாம் என்று தீர்மானித்தவர், அவரை விட்டுவிடுவதே முறை என்று நினைக்கிறேன். காட்சிக் கணக்கில் அவரைச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

அறிகுறி: தேர்வு சரி, காட்சி மட்டும் ஒருவருக்குக் குறைவு

அவருடைய படத்தின் அளவைப் பாருங்கள். புடவைக்கடைக்காரர் போனில் எடுத்த படத்தை அப்படியே அனுப்பி, அது பல மெகாபைட் கனத்தில் தளத்தில் ஏறியிருக்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஒருவர் பக்கத்தைத் திறந்தால், சிக்னல் விடுபடும் முன் இலேசான படங்கள் வந்துவிடும், கனத்த படம் பாதியில் நிற்கும். தோட்டங்களின் பள்ளங்களிலும் இதே கதைதான். தேர்வில் 30 சதவீதம் பெற்றவர் காட்சியில் 24-க்கு இறங்குவது இப்படித்தான். எல்லா பேனருக்கும் ஒரே கன வரம்பு வையுங்கள். 320 × 50 படத்துக்குச் சில பத்துக் கிலோபைட் தாராளம்.

படம் முழுதாக இறங்கிய பிறகே காட்சியை எண்ணுங்கள். அதைவிட நல்லது, படத்தின் பாதிப் பரப்பாவது ஒரு விநாடி திரையில் தெரிந்தால் எண்ணுவது. விளம்பர அளவீட்டில் புழங்கும் பொது வரையறையும் அதுவே. பிரவுசர்களில் உள்ள இன்டர்செக்ஷன் அப்சர்வர் என்ற வசதி, படம் எவ்வளவு தெரிகிறது என்பதைச் சொல்லிவிடும். தேடுபொறிகளின் ரோபோக்களும் பக்கத்தைத் திறக்கும், அவற்றைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

அறிகுறி: படிக்கப் படிக்க பேனர் வேகமாக மாறுகிறது

பக்கம் மாறாமலே உள்ளடக்கத்தை மாற்றும் தளங்களில், ஒவ்வொரு செய்திக்கும் பேனரை மாற்றும் புதிய கடிகாரம் (டைமர்) ஒன்று தொடங்கி, பழையது நிற்காமல் ஓடுகிறது. புதியதைத் தொடங்கும் முன் பழையதை நிறுத்துங்கள். பின்னணியில் கிடக்கும் தாவல்களில் பிரவுசர் கடிகாரத்தை மெதுவாக்கும், ஆனால் எப்போதும் முற்றாக நிறுத்திவிடாது. யாரும் பார்க்காத காட்சிகள் அங்கே எண்ணப்படலாம். தாவல் மறைந்திருக்கும்போது சுழற்சியையும் நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: ஏப்ரல் 1-ஆம் திகதி விளம்பரம் காலை 5.30-க்குத்தான் தொடங்குகிறது

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம்தான் சீசன். விடுதிக்காரர் அந்த ஒரு மாதத்துக்காகவே எடையைக் கூட்டிக் கேட்பார். ஐந்தரை மணிநேரம் பிந்தித் தொடங்கினால் சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்று பொருள், இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஜாவாஸ்கிரிப்ட்டில் வருடம்-மாதம்-நாள் என்று மட்டும் எழுதிய திகதியையும் மொழி யூடிசியாகவே எடுத்துக்கொள்ளும். நேரத்தையும் +05:30 என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

திகதியை வாசகரின் பிரவுசரில் சோதிக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து ஊர்ச் செய்தி படிக்கும் உறவினரின் கடிகாரம் வேறு. எவை இன்று செல்லுபடியாகும் என்ற பட்டியலைச் சேர்வர் தரட்டும், அதிலிருந்து எடைப்படி தேர்வதை மட்டும் பிரவுசர் செய்யட்டும். அந்தப் பட்டியல் கேஷில் தங்கும் நேரத்தைச் சில நிமிடங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத் திகதியை ஏப்ரல் 30 என்று எழுதினால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவோடே விளம்பரம் நின்றுவிடும். மே 1, 00:00 மணி, அதற்கு முன்வரை என்று எழுதினால் விடுதிக்காரருக்குக் கடைசி நாளும் முழுதாகக் கிடைக்கும்.